விளாவாத தண்ணீர்

அந்தத் திங்கட்கிழமை பள்ளிக்கு வந்திருந்தவர்கள்: பெரிய டீச்சர், சத்துணவு சமைக்கும் அம்மா, நான், ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும். வராதவர்கள்: எஸ்டேட் லைன் பிள்ளைகள். ஒருவர்கூட வரவில்லை.

வழக்கமாக ஒரு பிள்ளை வரவில்லையென்றால் மற்றவர்கள் முந்திக்கொண்டு காரணம் சொல்வார்கள். பல்வலி, மாமன் வீட்டுக் கல்யாணம், ஆடு தொலைந்துபோனது, ஏதாவது ஒன்று. அன்று லைன் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஏனென்றால் நானும் லைன்தான். லைனிலிருந்து அன்று வந்திருந்த ஒரே ஆள் நான்.

லைன் என்பது எஸ்டேட்டில் வேலை செய்பவர்களுக்காக ஒட்டினாற்போல வரிசையாகக் கட்டிய வீடுகள். எங்கள் தாத்தா காலத்தில் கீழ்நாட்டிலிருந்து காப்பித் தோட்ட வேலைக்கு மலை ஏறி வந்த குடும்பங்கள் அங்கே இருந்தன. ஊர்ப்பக்கத்துக்காரர்கள் அப்படியில்லை, எந்தக் காலத்திலிருந்தோ மலையிலேயே இருக்கும் விவசாயிகள். சாமை, ராகி போட்டு, வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் ஆரஞ்சும் காப்பியும் வைத்திருப்பார்கள். தலைச்சோலைப் பக்கம் இருந்த எங்கள் சின்னப் பள்ளியில்தான் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து முதல் வருஷம். எங்கள் வீட்டில் முதலில் எழுத்துக் கற்றவன் நான்தான். அதனால் அம்மாவுக்கு நான் சொல்வதெல்லாம் அரசாங்க உத்தரவு மாதிரி. "என்ற பையன் சொன்னானுங்க" என்று ஆரம்பித்தால் லைனில் யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

பெயர் கூப்பிட்டு முடித்ததும் பெரிய டீச்சர் என்னை வெளியே அழைத்தார். பிள்ளைகள் முன்னால் என்னை 'சார்' என்பார். தனியாக இருக்கும்போது 'தம்பி'.

"என்ன தம்பி, லைன்ல என்ன ஆச்சு?"

"வாட்ச்மேன் பெரியவரு எறந்துட்டாருங்க டீச்சர். வாந்தியும் பேதியும். சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பிச்சுது, நேத்து வெயிலேறும்போது முடிஞ்சுபோச்சு. இன்னும் மூணு ஊட்டுல படுத்திருக்காங்க."

"அக்கா?" என்றார் டீச்சர்.

அக்கா தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது செம்மநத்தம் பக்கத்து எஸ்டேட்டில். நிறைமாதம். டீச்சருக்கு அது தெரியும்; போன மாதம்தான் வளையல் வாங்கி என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

"நல்லா இருக்காங்க டீச்சர்" என்றேன். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு அந்தப் பேதி வந்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு நாளாக நினைக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தேன்.

"முதல்ல போய் சோப்புப் போட்டுக் கை கழுவு. முழங்கை வரைக்கும். அப்புறம் அழலாம்" என்றார் டீச்சர்.

பங்குனி மாதம். ஊற்றுகள் எல்லாம் வற்றி, லைனுக்கு மேலே பாறைக்கடியில் ஒன்று மட்டும் கசிந்துகொண்டிருந்தது. லைனும் ஊரும் அதில்தான் தண்ணீர் எடுத்தன. ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஜீப்பில் வந்து அதில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போனார். பவுடர் நாற்றம் பிடிக்காமல் பாதிப் பேர் கீழே ஓடைத் தண்ணீருக்குப் போய்விட்டார்கள். அது இன்னும் மோசம்.

செவ்வாய்க்கிழமை ஊர்ப்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று தகப்பன்மார் பள்ளிக்கு வந்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க டீச்சருங்க, தப்பா நெனைக்காதீங்க. லைன் புள்ளைங்கள இப்போதைக்கு உள்ள உடாதீங்க. எங்க புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும்."

"சரிங்க" என்றார் டீச்சர். "அப்ப நம்ம சின்ன வாத்தியாரையும் அனுப்பிரட்டுங்களா? அவரும் லைன்தான்."

"வாத்தியார் வேறங்க."

"பேதிக்கு வாத்தியார் யாரு, வாட்ச்மேன் யாருன்னு தெரியுமுங்களா? நீங்களும் அவங்களும் ஒரே ஊத்துலதான மோந்து குடிக்கறீங்க? பள்ளிக்கூடத்த மூடுனா எல்லாப் புள்ளைங்களும் அந்தப் பாறைகிட்டயேதான் வெளையாடும். இங்க இருந்தா நான் பாத்து ஊத்துன தண்ணியக் குடிக்கும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எங்களுக்கும் சேத்து ஏதாச்சும் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தெரிந்து பள்ளிக்கூடத்தைப் பார்த்து அந்த ஊர் கேட்ட முதல் உதவி அதுதான்.

டீச்சர் சில விதிகள் வைத்தார். ஆள் படுத்திருக்கும் வீட்டுப் பிள்ளை வரக்கூடாது. மற்ற லைன் பிள்ளைகள் வரலாம். வாசலில் ஒரு சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு வெளியே நின்று சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும், டீச்சர் உட்பட. சத்துணவு அம்மா விடிந்ததும் வந்து அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து மூடிவிடுவார். இடைவேளைக்குள் அது ஆறிவிடும். பிள்ளைகள் அதைத்தான் குடிக்கவேண்டும். வீட்டிலும் கொதிக்க வைத்த தண்ணீர்தான் என்று ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் போய்ச் சொல்லவேண்டும். சொன்னதை மறுநாள் டீச்சரிடம் வந்து சொல்லவேண்டும்.

நான் பள்ளியிலேயே தங்கிக்கொண்டேன். லைனுக்கும் பள்ளிக்கும் நடுவில் நானே நோயைத் தூக்கிக்கொண்டு அலையக்கூடாதல்லவா? சாயங்காலம் மட்டும் லைனுக்குப் போய் வீடு வீடாக வாசலில் நின்று கேட்பேன். எங்கள் வீட்டு வாசலில் கடைசியாக நிற்பேன்.

"கொதிக்க வெச்சீங்களாம்மா?"

"வெச்சேன் சாமி. கொமுறக் கொமுறக் கொதிக்க வெச்சேன். வேணும்னா கேளு உங்கக்காள."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வரும். "வாத்தியாரே, எங்கம்மா தண்ணிய வேக வெச்சுட்டாங்க. உப்புப் போட்டு எறக்கறதுதான் பாக்கி."

அம்மா பொய் சொல்லவில்லை. எல்லா வீட்டுக் கூரையிலும் புகை வந்துகொண்டிருந்தது. தோட்டத்தில் நாள் முழுக்கக் குழி வெட்டிவிட்டு வந்த பெண்கள் சோறு ஆக்குவதற்கு முன்னால் தண்ணீர்தான் வைத்தார்கள். விறகுக்கு அத்தனை தட்டுப்பாடு இருந்தும் வைத்தார்கள். பள்ளிக்கூடம் சொல்லிவிட்டது என்பதற்காக வைத்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் வாரக் கடைசிக்குள் லைனில் இன்னும் இரண்டு பேர், ஊர்ப்பக்கத்தில் ஒரு தாயும் பிள்ளையும் விழுந்துவிட்டார்கள். மஞ்சக்குட்டையிலிருந்து ஓடும் வாடகை ஜீப் அவர்களை ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வந்தது. பள்ளியில் குடிக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய்வந்தால் யாராவது ஒருவர் குறைகிறார். டீச்சருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

"கொதிக்க வெக்கறாங்களா, இல்ல சும்மா சொல்றாங்களா?"

"என் கண்ணால பாத்தனுங்க டீச்சர். புகை வருது. சட்டி கொதிக்குது."

"அப்புறம் எப்படி?"

திங்கட்கிழமை சாயங்காலம் காப்பிப்பூ மழை பிடித்துக்கொண்டது. பங்குனியில் அப்படி ஒரு மழை பெய்தால்தான் காப்பிச்செடி பூக்கும். ஊரே எதிர்பார்க்கும் மழை. நான் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். குடை இல்லை. "நனையாத, நெலப்படிக்குள்ள வந்து நில்லு சாமி" என்றாள் அம்மா. உள்ளே போகவில்லை, நிலைப்படியில் ஏறி நின்றேன். அந்த ஒரு எட்டு வித்தியாசத்தில் அடுப்படி தெரிந்தது.

அக்கா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா அடுப்பிலிருந்து கொதிக்கும் தண்ணீரை ஒரு போசியில் ஊற்றினாள். பிறகு மூலையில் இருந்த குடத்தைச் சாய்த்து ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் மோந்தாள். போசியில் பாதி ஊற்றினாள், விரலை விட்டுப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் ஊற்றினாள், மறுபடி விரலை விட்டுப் பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டி அக்காவிடம் நீட்டினாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"ஏஞ்சாமி? வெளாவறேன்."

"எதுக்கு வெளாவறீங்க?"

அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். படித்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போல. "கொதிக்கக் கொதிக்கவா புள்ளத்தாச்சிக்கு குடுப்பாங்க? நாக்கு வெந்துபோவாதா? நீ கொதிக்க வெக்கத்தான சொன்ன, வெச்சேன். வெளாவக்கூடாதுன்னு நீ எங்க சொன்ன?"

நான் சொல்லவில்லைதான். யாருமே சொல்லவில்லை. குளிக்கும் வெந்நீரில் பச்சைத் தண்ணீரைக் கலந்து பதம் பார்ப்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்து வரும் பழக்கம். கை அதுவாகச் செய்யும், மூளையைக் கேட்காது. குடிக்கும் தண்ணீரிலும் அதே கை, அதே விரல், பாறை ஊற்றில் மோந்துவந்த அதே குடம்.

அக்கா போசியை வாய்க்குக் கொண்டுபோயிருந்தாள். "அக்கா, வேண்டாம்" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மழையில் எட்டிப் பார்த்தார்கள். அவள் போசியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "ஒரு வாரமா இதத்தான்டா குடிக்கிறேன்."

மறுநாள் காலை டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொன்னேன். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, கையில் சோப்புடன் அவர் அப்படியே நின்றார்.

"தம்பி, நேத்து நான் மாத்திரை போட்டேன். வெந்நி வெச்சு வெளாவித்தான் போட்டேன்" என்றார். "இருவது வருஷமா சுகாதாரப் பாடம் நடத்தறேன்." சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

உள்ளே போனதும் பிள்ளைகளைக் கேட்டார். "உங்க ஊட்டுல யாரெல்லாம் வெளாவிக் குடிக்கறீங்க? உண்மையச் சொன்னா அடி கெடையாது."

எல்லாக் கையும் எழுந்தது. லைன் கை, ஊர்க் கை, எல்லாம். சமையல் கூடத்திலிருந்து ஒரு கரண்டியும் எழுந்தது.

"நீங்களுமாங்க?" என்றார் டீச்சர்.

"பள்ளிக்கூடத்துல இல்லீங்க! இங்க அண்டா தானா ஆறிருது. ஊட்டுலதானுங்க. போனதும் தாகம் எடுக்குதில்லீங்களா?"

அதுதான் சிக்கல். ஆறட்டும் என்று சொல்வது சுலபம். வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தவனை எப்படிக் காத்திருக்கச் சொல்வது? ராத்திரியே வைத்து மூடிவைக்கலாம் என்றால், "பழந்தண்ணியவா குடிக்கச் சொல்றீங்க? எழவு ஊட்டுத் தண்ணி மாதிரி" என்று நேற்று மழையிலேயே லைனில் என்னைக் கேட்டுவிட்டார்கள். டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சத்துணவு அம்மா வழக்கம்போல அவருக்கு டீ கொண்டுவந்து, வழக்கம்போல இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றிக் கொடுத்தார். டீச்சர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார், டீயில யாராச்சும் பச்சத்தண்ணி ஊத்தி வெளாவுவாங்களா?"

"ஊத்துனா மூஞ்சிலயே அடிப்பாங்க டீச்சர்."

"அவ்வளவுதான். இன்னிக்குக் கணக்குப் பாடம் இல்ல. எல்லாரும் டம்ளர எடுங்க."

அன்று முழுக்கப் பள்ளி மைதானத்தில் ஆற்றப் பழகினார்கள். முதலில் வெறும் தண்ணீரில். மேலே ஒரு கை, கீழே ஒரு கை. நூல் மாதிரி இறங்கவேண்டும், சிந்தக்கூடாது. சட்டையெல்லாம் நனைந்தது. டம்ளர்கள் கல்லில் விழுந்து நசுங்கின. ஐந்தாம் வகுப்பில் ஒருவன் பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர் மாதிரி தலைக்கு மேலே தூக்கி ஆற்றிக்காட்டி, பாதியைத் தன் தலையிலேயே ஊற்றிக்கொண்டான். "தலை நல்லா ஆறிருச்சுங்க டீச்சர்!" என்று ஒரு பெண் சொல்ல, ஒரு வாரம் கழித்து அந்தப் பள்ளியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பெரிய பிள்ளைகள் மட்டும் சுடு தண்ணீரில், சின்னவர்கள் வெதுவெதுப்பில் என்று டீச்சர் பிரித்துக்கொடுத்தார். ஒரே வாசகம்தான் சொல்லியனுப்பினார்: வெளாவாதீங்க, ஆத்துங்க.

சாயங்காலம் லைனில் நான் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, குழி வெட்டிவிட்டு வந்த ஒருவர் குடத்தை நோக்கிக் கை நீட்டினார். நான்காம் வகுப்பு படிக்கும் அவர் மகள் குறுக்கே வந்து நின்றாள்.

"அப்பா, வெளாவாதீங்க."

"தள்ளு புள்ள, தொண்ட காயுது."

"இருங்க, ஆத்தித் தர்றேன்." ஆட்டுக்கல் மேல் ஏறி நின்றுகொண்டாள். ஆற்ற ஆரம்பித்தாள். அவர் கோபமாகத்தான் நின்றார். தண்ணீர் மேலிருந்து கீழே இறங்க இறங்க, அவர் முகமும் அதோடு மேலும் கீழும் போய்வந்தது. கடைசியில் அவள் நீட்டியதை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, "ஏங்கண்ணு, இதுல கொஞ்சம் டீத்தூள் போட்டிருந்தா என்ன?" என்றார்.

அடுத்த நாள் எஸ்டேட் ரைட்டர் பள்ளிக்கு வந்துவிட்டார். ஆட்கள் வேலைக்கு வரும் கணக்கைப் பார்ப்பவர், எப்போதும் அவசரம். "என்ன டீச்சர் இது, ஆளுங்க லேட்டா வர்றாங்க. கேட்டா, புள்ள ஆத்துறதுக்காக நின்னேங்கறாங்க." டீச்சர் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவருக்கும் ஆற்றித் தரச் சொன்னார். குடித்தார். "கவாத்து பண்ணுன சில்வர் ஓக் கிளை கெடக்குது. பாதி வெலைக்கு எடுத்துக்குங்க, விறகுக்கு" என்றார். ரைட்டர் வாயிலிருந்து வந்ததில் அதுதான் அதிகபட்ச அன்பு.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா வந்தாள். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நின்றாள். என்னைக் கூப்பிடக்கூட இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"காலைல இருந்து போவுது சாமி. எந்திரிக்க மாட்டேங்கறா."

ஜீப் சேலத்துக்கு இறங்கியிருந்தது. திரும்பிவர சாயங்காலம் ஆகும். மதியத்திலிருந்து சாயங்காலம் வரைக்கும் அவள் உடம்பில் தண்ணீர் நிற்கவேண்டும்; அவள் உடம்பில் நின்றால்தான் உள்ளே இருக்கும் பிள்ளைக்கும் நிற்கும். நர்ஸம்மா சொல்லிக்கொடுத்திருந்தார்: ஒரு போசித் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி சர்க்கரை, மூன்று விரலால் அள்ளிய உப்பு. பேதி போகப்போகக் குடிக்கவேண்டும்.

டீச்சர் என்னை லைனுக்கு அனுப்பிவிட்டுப் பள்ளியில் நின்றுகொண்டார். சத்துணவு அம்மா கொதிக்க வைத்துக்கொண்டே இருந்தார். பெரிய பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஆற்றிக்கொண்டே இருந்தார்கள். இரண்டு இரண்டு பேராகத் தூக்குப்போசியில் எடுத்துவந்து, லைனுக்கு முன்னால் இருக்கும் பலாமரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மரத்தைத் தாண்டக்கூடாது என்பது டீச்சர் உத்தரவு. நான் போய் எடுத்துவருவேன். அடுத்த போசி அதற்குள் அங்கே இருக்கும். லைனும் ஊரும் அந்தச் சாயங்காலம் எங்கள் அக்காவுக்குத் தண்ணீர் ஆற்றின.

ஒரு வாய், ஒரு வாய் என்று கொடுத்தேன். முதலில் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தாள். கொஞ்சம் நிறுத்தி, கரண்டியால் கொடுத்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வயிற்றின் மேல் அவள் கையும் அம்மா கையும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

"அசையுதா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். வெயில் சாயும் நேரத்தில் அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"வாத்தியாரே."

"சொல்லுக்கா."

"இந்தப் போசில இனிப்புப் பத்தல. எவ கலக்குனது?"

அம்மா அப்போதுதான் அழுதாள். ஜீப் ஹாரன் கேட்டது. டிரைவர் பின்சீட்டில் சாக்கு விரித்து, வழியெல்லாம் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார். மடியில் அக்கா தலை. கையில் பள்ளிக்கூடத் தண்ணீர்.

ஆஸ்பத்திரியில் ஊசிமூலம் தண்ணீர் ஏற்றினார்கள். "வழியெல்லாம் குடுத்துட்டே வந்தீங்களா? அதனாலதான்" என்று மட்டும் சொன்னார் டாக்டர். அவள் தேறினாள். அங்கேயே சில நாள் கழித்துப் பெண் பிள்ளை பிறந்தது. அதற்குப் பிறகு லைனிலும் சரி, ஊரிலும் சரி, யாரும் சாகவில்லை. சித்திரை பிறப்பதற்குள் படுத்தவர்களெல்லாம் எழுந்துவிட்டார்கள்.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் பார்க்கப் போனேன். அம்மா முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டிருந்தாள். ஒரு பக்கம் ஆவி பறக்கும் வெந்நீர், ஒரு பக்கம் குடம். செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்காச்சும் வெளாவலாமா வாத்தியாரே?"

கேலிக்குக் கேட்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "அந்தக் குடத்துத் தண்ணியும் கொதிக்க வெச்சு ஆற வெச்சதாம்மா?" என்று கேட்டேன். "பின்ன?" என்றாள். "வெளாவுங்க" என்றேன். விரலை விட்டுப் பதம் பார்த்தாள்.

முழுப்பரீட்சை முடிந்து பள்ளி மூடும் நாள் லைன் பிள்ளைகள், ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். வாட்ச்மேன் பெரியவருடைய பேத்தியும் வந்திருந்தாள். டீச்சர் அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பிறகு கரும்பலகையில் ஒரு கூட்டல் கணக்கு எழுதினார். அவரும் நானும் சத்துணவு அம்மாவும் சேர்ந்து போட்ட செலவு அது. விறகு அறுபது ரூபாய். சர்க்கரை இருபத்து நான்கு. உப்பு இரண்டு. ஜீப்புக்கு டீசல் நாற்பது. நசுங்கிய டம்ளர்களுக்குப் பதில் புதுசு, பன்னிரண்டு.

தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட ஐந்தாம் வகுப்புக்காரன் எழுந்தான். "டீச்சர், சின்ன வாத்தியார் ஊட்டுப் பாப்பாவ இதுல கழிக்கணுங்களா?"

"பாப்பா வரவு கண்ணு. இது செலவு மட்டும். போட்டுச் சொல்லு."

அவன் விரல் விட்டுக் கூட்டினான். ஒருமுறை தப்பாக வந்தது. பக்கத்தில் இருந்தவள் திருத்தினாள். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து சத்தமாகச் சொன்னார்கள்: நூற்று முப்பத்தெட்டு ரூபாய்.